நம்ம ஊர் ரயில் யார் பேச்சைக் கேட்கும்?

போன வாரம் வகுப்பில் ஒரு வாக்குவாதம். ரயில்வேயைத் தனியாரிடம் கொடுக்கலாமா, வேண்டாமா? எல்லா பி.காம். வகுப்பிலும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது வரும் தலைப்புதான். நண்பன் ஒருவன் எழுந்து சொன்னான்: "வெள்ளைக்காரன் காலத்துல எஸ்.ஐ.ஆர். கம்பெனிதானே நடத்துச்சு? தனியார் கம்பெனி. கவர்மென்ட் தலையீடு கிடையாது. அதான் நல்லா நடந்துச்சு." வகுப்பே கைதட்டியது. மணி அடித்துவிட்டது, எனக்குப் பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

கோவில்பட்டிக்காரர்களுக்கு ரயில் ஒரு தனி விஷயம். ஆறு இல்லாத ஊர் இது. மழை பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும், பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஒட்டலாம். வெளியூரோடு நம்மை முதலில் கட்டிப்போட்டது இந்தத் தண்டவாளம்தான். கு. அழகிரிசாமி இடைசெவல்காரர். பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன நிலையத்தை வைத்து 'குமாரபுரம் ஸ்டேஷன்' என்று கதையே எழுதினார். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு இந்த ரயில் எப்படி வந்தது, யார் பணத்தில் வந்தது, யார் முடிவெடுத்தார்கள் என்று தெரியாமல் இருப்பது நியாயமில்லை.

கம்பெனி, ஆனால் நஷ்டம் நம்முடையது

முதலில் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்று லண்டனில் ஒரு கம்பெனி. 1861, 1862-இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்குப் பாதை போட்டது. 1874-இல் அதுவும் கர்நாடிக் ரயில்வேயும் சேர்ந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆயின. அதுதான் நம் பெரியவர்கள் சொல்லும் எஸ்.ஐ.ஆர். 1876-இல் மதுரை - தூத்துக்குடி பாதை திறந்தது. சாத்தூர், கோவில்பட்டி, கடம்பூர், மணியாச்சி எல்லாம் அப்போதுதான் ரயில் வரைபடத்தில் ஏறின.

இப்போது காமர்ஸ் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம். இந்தக் கம்பெனிகளின் பங்குதாரர்கள் எதை நம்பிப் பணம் போட்டார்கள்? கரிசல் காட்டு பருத்தியை நம்பியா? இல்லை. அரசாங்கம் கொடுத்த உத்தரவாதத்தை நம்பி. போட்ட முதலுக்கு வருஷம் 5 சதவீதம் வட்டி நிச்சயம். நிலம் இலவசம். ரயில் ஓடிச் சம்பாதித்தது 5 சதவீதத்துக்குக் குறைந்தால், குறைந்த தொகையை இந்திய அரசின் வருவாயிலிருந்து கொடுப்பார்கள்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். லண்டனில் ஒருவர் 100 ரூபாய் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி அந்த வருஷம் 2 ரூபாய்தான் சம்பாதித்தது. மீதி 3 ரூபாய் எங்கிருந்து வரும்? இங்கே நிலவரி கட்டும் சம்சாரியிடமிருந்து. அவர் ரயிலில் ஏறியிருக்கவே மாட்டார். ஆனால் டிக்கெட் பணம் கட்டிவிட்டார்!

இதற்குப் பெயர் தனியார் தொழில் என்றால், என் பாடப்புத்தகத்தில் 'ரிஸ்க்' என்ற அத்தியாயத்தைக் கிழித்துவிடலாம். லாபம் வந்தால் பங்குதாரருக்கு, நஷ்டம் வந்தால் ஊருக்கு. செலவைக் குறைக்க வேண்டும் என்ற அவசரமே கம்பெனிக்குக் கிடையாது. தாதாபாய் நௌரோஜி, ரொமேஷ் சந்திர தத் போன்றவர்கள் இதைத்தான் கேட்டார்கள். ரயிலுக்குக் கொட்டிய பணத்தில் ஒரு பங்கையாவது பாசனத்துக்குப் போட்டிருக்கலாமே என்று தத் எழுதினார். நம் பாதை திறந்த 1876-ஆம் வருஷமே சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம் தொடங்கி 1878 வரை நீடித்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தக் கேள்வியின் உறைப்பு கரிசல்காரனுக்குப் புரியும்.

1890 முடிவில் அரசாங்கமே பாதையை விலைக்கு வாங்கிவிட்டது. 1891 முதல் புதிதாக அமைந்த எஸ்.ஐ.ஆர். கம்பெனி அதை அரசுக்காக நடத்தியது. அதாவது பாதை அரசுடையது, ஓட்டுவது கம்பெனி. தலைமை அலுவலகம் திருச்சியில், முதலாளிகளின் போர்டு லண்டனில். நண்பன் சொன்ன "கவர்மென்ட் தலையீடு இல்லாத தனியார் கம்பெனி" இதில் எந்த வருஷம் இருந்தது? நானும் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

தண்டவாளத்தின் திசையைப் பாருங்கள்

முடிவெடுப்பவர் எங்கே இருக்கிறார் என்பது வரைபடத்திலேயே தெரியும். மதுரையிலிருந்து தெற்கே வந்த முக்கியப் பாதை எங்கே போனது? மாவட்டத் தலைநகரான திருநெல்வேலிக்கு அல்ல. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு. திருநெல்வேலிக்கு மணியாச்சியிலிருந்து ஒரு கிளைப் பாதை. ஜனங்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது இரண்டாம் பட்சம், பருத்தி மூட்டை எங்கே கப்பல் ஏறும் என்பதுதான் முதல் பட்சம்.

மூட்டை மட்டுமில்லை, ஆளும்தான். 1914-இல் தனுஷ்கோடி - தலைமன்னார் வழி திறக்கும்வரை கொழும்புக்குப் போகிறவர்கள் தூத்துக்குடி வந்துதான் கப்பல் ஏறினார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை நிறுத்தி வைக்க தட்டப்பாறையில் முகாமே இருந்தது.

1911 ஜூன் 17-இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அவர் ஏன் மணியாச்சியில் நின்றுகொண்டிருந்தார் என்று யோசித்ததுண்டா? திருநெல்வேலியிலிருந்து கொடைக்கானல் போகக் கிளம்பியவர். திருநெல்வேலி கிளைப் பாதை என்பதால், தூத்துக்குடியிலிருந்து வரும் வண்டிக்காக மணியாச்சியில் காத்திருக்க வேண்டும். மாவட்டத்தின் கலெக்டரே தன் தலைநகரிலிருந்து நேரே வடக்கே போக முடியாத பாதை அது. இன்றைக்கு அந்த நிலையத்துக்கு வாஞ்சி மணியாச்சி என்று பெயர்.

அடுத்தது அகலம். நாகப்பட்டினம் - திருச்சி பாதையை முதலில் போட்டது அகல ரயில் பாதையாக. 1868-இல் அது ஈரோடு வரை போனது. 1870-இல் செலவைக் குறைக்க மீட்டர் கேஜ் என்று மேலிடத்தில் முடிவானது. பிறகு எஸ்.ஐ.ஆர். என்ன செய்தது தெரியுமா? போட்டிருந்த அகலப் பாதையைப் பிடுங்கி மீட்டர் பாதையாக மாற்றியது. நம் தூத்துக்குடிப் பாதையும் மீட்டர் கேஜாகவே பிறந்தது. பிறகு 1929-இல் திருச்சி - ஈரோடு மறுபடியும் அகலப் பாதை! ஒரே பாதை, சுமார் அறுபது வருஷத்தில் மூன்று அவதாரம். இதற்கான செலவையெல்லாம் யார் தலையில் எழுதியிருப்பார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கோவில்பட்டி வழியாக அகலப் பாதை வந்து சேர 20-ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகள் ஆனது. எங்கோ உட்கார்ந்து எடுத்த ஒரு முடிவை மாற்ற ஊருக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

உண்மையான ரிஸ்க் எடுத்த கம்பெனி

அதே தூத்துக்குடியில் இன்னொரு கம்பெனி இருந்தது. 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் பங்கு 40,000. இதற்கு 5 சதவீத உத்தரவாதம் யாரும் கொடுக்கவில்லை. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் சும்மாவே ஏற்றிக்கொள்ளவும் தயாரானது. 1908-இல் வ.உ.சி. கைதானார். கம்பெனி அதன் பிறகு நிமிரவே இல்லை.

இரண்டு கம்பெனியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரயில் கம்பெனி நஷ்டப்பட்டால் அரசாங்கம் தாங்கும். கப்பல் கம்பெனி லாபம் பார்க்க ஆரம்பித்தால் அதை நடத்துபவரை உள்ளே தள்ளும். "அந்தக் காலத்தில் சுதந்திரமான சந்தை இருந்தது" என்று யாராவது சொன்னால் தூத்துக்குடியை மட்டும் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

தொழிலாளர் பக்கமும் இப்படித்தான். பொன்மலையில் புதிய பணிமனை வந்தபோது ஆட்குறைப்பு. 1928 ஜூலையில் எஸ்.ஐ.ஆர். முழுக்க வேலைநிறுத்தம். தலைமை தாங்கிய சிங்காரவேலர், முகுந்தலால் சர்க்கார் போன்றவர்கள் சிறைக்குப் போனார்கள்.

அரசு எடுத்துக்கொண்டது, சரி... ஊருக்கு என்ன வந்தது?

இதுவரை படித்தவர்கள், "ஓ, இவன் அரசு ரயில்வே கட்சி" என்று முடிவு கட்டியிருப்பீர்கள். அவசரப்படாதீர்கள்.

1944 ஏப்ரலில் எஸ்.ஐ.ஆர். கம்பெனியின் கையிலிருந்து நிர்வாகத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இரண்டு வருஷம் கழித்து, 1946 செப்டம்பர் 5-இல், பொன்மலையில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு. ஐந்து பேர் இறந்தார்கள். முதலாளி மாறியதால் மட்டும் எல்லாம் மாறிவிடாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

1951 ஏப்ரல் 14, தமிழ் வருஷப் பிறப்பு அன்று எஸ்.ஐ.ஆர்., மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே, மைசூர் ஸ்டேட் ரயில்வே மூன்றும் சேர்ந்து தெற்கு ரயில்வே ஆனது. அதன் பிறகு 1966-இல் தென் மத்திய ரயில்வே, 2003-இல் தென் மேற்கு ரயில்வே என்று வெவ்வேறு பகுதிகள் பிரிந்தன. மண்டலங்கள் கூடின. அதிகாரம் கூடியதா? ஒரு எக்ஸ்பிரஸ் ரயில் கோவில்பட்டியில் நிற்க வேண்டுமா வேண்டாமா என்பதை மதுரைக் கோட்டம் தானாக முடிவு செய்ய முடியாது. சென்னை பரிந்துரை செய்யும், டெல்லியில் ரயில்வே போர்டு தீர்மானிக்கும். லண்டன் போர்டு போய் டெல்லி போர்டு வந்தது. போர்டு போகவில்லை :-)

உதாரணம் வேண்டுமா? 2023 செப்டம்பரில் சென்னை - திருநெல்வேலி வந்தே பாரத் தொடங்கியபோது கோவில்பட்டியில் நிறுத்தம் கிடையாது. அதே வருஷம்தான் மதுரை - திருநெல்வேலி இரட்டைப் பாதை வேலை முழுமையடைந்தது. நம் நிலத்தில் பாதை இரண்டானது, நம்மைத் தாண்டி ரயில் பறந்தது. 2024 ஆகஸ்ட் கடைசியில் தொடங்கிய நாகர்கோவில் வந்தே பாரத்துக்குத்தான் இங்கே நிறுத்தம் கிடைத்தது. கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் மனு, கோரிக்கை, எம்.பி. கடிதம் என்று கெஞ்சிக் கிடைப்பதற்குப் பெயர் உரிமை இல்லை.

இன்னொரு உதாரணம் இதைவிட வேடிக்கை. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை, விளாத்திகுளம் வழியாகத் தூத்துக்குடிக்கு ஒரு புதிய பாதை, சுமார் 143 கிலோமீட்டர். 2011-12 வாக்கில் அனுமதி கிடைத்தது. கரிசல் காட்டின் கிழக்குப் பாதியில் பெரும்பகுதி ரயிலே பார்க்காத பூமி. அதற்கு இது உயிர்நாடி. தூத்துக்குடி பக்கம் மீளவிட்டான் - மேலமருதூர் என்று ஒரு சின்னத் துண்டுதான் முதலில் முடிந்தது. 2025 ஜனவரியில் ரயில்வே அமைச்சர், தமிழக அரசே இந்தத் திட்டம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகப் பேசினார். நாங்கள் அப்படிச் சொல்லவே இல்லை என்றது தமிழக அரசு. பிறகு ரயில்வே விளக்கம் கொடுத்தது: சத்தத்தில் கேள்வி சரியாகக் கேட்கவில்லை, அமைச்சர் தனுஷ்கோடி பாதையைப் பற்றிச் சொன்னார் என்று. தூத்துக்குடியும் தனுஷ்கோடியும் காதில் ஒன்றாக விழும் தூரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கையில்தான் நம் பாதை இருக்கிறது.

ஊரே போட்ட பாதை

அப்படியானால் வேறு வழியே இருந்ததில்லையா? இருந்தது. நமக்கு மறந்துவிட்டது.

தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலவரியோடு ஒரு தனி வரி வசூலித்து, அந்தப் பணத்தில் மாயவரம் - முத்துப்பேட்டை பாதையைப் போட்டது. 1894-இல் ரயில் ஓடியது. கோயம்புத்தூர் ஜில்லா போர்டின் போத்தனூர் - பொள்ளாச்சி 1915-இல். நம் பக்கத்திலேயே திருநெல்வேலி - திருச்செந்தூர் பாதை, ஜில்லா போர்டு பாதையாக 1923-இல் திறந்தது. 2023-இல் அதற்கு நூறு வயது. கொச்சி சமஸ்தானம் ஷொரணூர் - கொச்சி பாதைக்குத் தானே பணம் போட்டது. வண்டியை ஓட்டியது எஸ்.ஐ.ஆர். தான். ஆனால் பாதை எங்கே போக வேண்டும் என்று தீர்மானித்ததிலும் செலவைச் சுமந்ததிலும் அந்த வட்டாரத்துக்கு நேரடிப் பங்கு இருந்தது. திருச்செந்தூர் பாதையைப் பாருங்கள். முருகனைப் பார்க்கப் போகும் ஜனங்களும் தாமிரபரணிக் கரை ஊர்களும்தான் அதன் வழித்தடம். தூத்துக்குடிப் பாதையையும் இதையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் யார் யாருக்காகப் போட்டது என்று குழந்தைக்கும் புரியும்.

"அப்ப ரயில்வேயைப் பிரிச்சுக் கொடுத்துடலாமா?"

இந்தக் கேள்வி நிச்சயம் வரும். என்னுடைய பதில்: வேண்டாம்.

ஜப்பான் 1987-இல் தன் தேசிய ரயில்வேயை உடைத்தது. பயணிகள் ரயிலுக்கு மட்டும் வட்டாரத்துக்கு ஒன்றாக ஆறு கம்பெனி. டோக்கியோ - ஒசாகா புல்லட் ரயில் கிடைத்த கம்பெனி கொழுத்தது. வடக்கே ஜனம் குறைந்த ஹொக்கைடோ தீவின் கம்பெனி நஷ்டத்தில் தவித்துப் பாதை பாதையாக மூடியது. பிரித்தால் நாம் எந்தப் பக்கம் இருப்போம்? கரிசல் காடு நிச்சயமாக டோக்கியோ பக்கம் இல்லை. இந்தியாவில் சரக்குக் கட்டணம்தான் பயணிகள் டிக்கெட்டைத் தாங்குகிறது. பாதை பாதையாகத் தனிக் கணக்கு போட்டால் முதலில் மூடப்படுவது நம்மைப் போன்ற வட்டாரத்துச் சின்ன நிலையங்கள்தான்.

கொங்கண் ரயில்வேயும் ஒரு பாடம். 1990-இல் மத்திய அரசோடு மகாராஷ்டிரம், கர்நாடகம், கேரளம், கோவா நான்கும் பங்குதாரர்களாகச் சேர்ந்தன. மலையைக் குடைந்து 1998-இல் முழுப் பாதையும் ஓடியது. மாநிலங்கள் பணம் போட்டால் வேலை நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அதன் பிறகு பாதையை இரட்டிப்பாக்கப் பணம் இல்லாமல் திணறியது. கடைசியில் பங்குதார மாநிலங்கள் இந்திய ரயில்வேயோடு இணைக்க ஒப்புக்கொண்டன. தனிக்குடித்தனம் போனால் மட்டும் போதாது, அடுப்பெரியவும் காசு வேண்டும்.

1924-இல் ரயில்வேக்கு என்று தனி பட்ஜெட் வந்ததும் இந்தச் சிக்கலுக்குத்தான். ஆக்வொர்த் கமிட்டி சொன்னபடி ரயில்வே கணக்கை அரசின் பொதுக் கணக்கிலிருந்து பிரித்தார்கள். 2017-இல் அதை மறுபடியும் பொது பட்ஜெட்டோடு சேர்த்துவிட்டார்கள். எனக்கு இதில் ஒரே ஒரு வருத்தம். வருஷத்தில் ஒரு நாளாவது "எங்க ஊருக்கு என்ன?" என்று நாடு முழுக்க ரயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. அந்த ஒரு நாளும் போய்விட்டது.

ஆகவே பணம் பொதுவாகவே இருக்கட்டும். முடிவு கீழே இறங்கட்டும். நான் கேட்பது இவ்வளவுதான்:

1. நிறுத்தம், நேரம், பாசஞ்சர் வண்டி ஆகியவற்றை மண்டல அளவிலேயே முடிவு செய்யும் அதிகாரம். இப்போதும் பயணிகள் ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன. பெயரிலேயே இருக்கிறது, ஆலோசனை மட்டும்தான். அவற்றுக்கு ஓட்டு வேண்டும்.

2. ஒவ்வொரு நிலையத்தின் வரவும், ஒவ்வொரு புதிய பாதையின் ஒதுக்கீடும் செலவும் வருஷா வருஷம் தமிழில், யாரும் பார்க்கும்படி. கணக்கு தெரியாதவனால் கேள்வி கேட்க முடியாது. காமர்ஸ் படிப்பவன் இதைக்கூடக் கேட்காவிட்டால் எப்படி?

3. அருப்புக்கோட்டை வழி தூத்துக்குடிப் பாதை போன்ற திட்டங்களில் மாநில அரசும் பங்குதாரராகச் சேர வேண்டும். நிலம் எடுப்பதில் ஒரு பங்கு, செலவில் ஒரு பங்கு, முடிவில் ஒரு பங்கு. ஜில்லா போர்டு அன்றைக்குச் செய்ததை மாநிலம் இன்றைக்குச் செய்ய முடியாதா? "டெல்லி தரவில்லை" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது சுலபம். பணம் போட்டவன் கேட்டால்தான் மரியாதை.

பாரதி பிறந்த எட்டயபுரத்துக்கு இன்றுவரை ரயில் கிடையாது. விளாத்திகுளத்துக்கும் கிடையாது. அங்கிருந்து கல்லூரிக்கு வருகிற பிள்ளைகள் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறார்கள். நம் ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தீப்பெட்டி இந்தியா முழுக்கப் போகிறது. இவ்வளவு சரக்கும் இவ்வளவு ஜனமும் இருக்கிற பூமியில், ரயில் எங்கே போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று சொல்ல மட்டும் இங்கே ஒருவருக்கும் அதிகாரமில்லை. 1876-இலும் இல்லை, இன்றும் இல்லை.

அதனால் நண்பனுக்கு நான் சொல்வது இதுதான். தனியாரா அரசா என்பது இரண்டாவது கேள்வி. நஷ்டம் யாருக்கு, முடிவு யாருடையது என்பதுதான் முதல் கேள்வி. எஸ்.ஐ.ஆர். காலத்தில் நஷ்டம் நமக்கு, முடிவு லண்டனுக்கு. இப்போது வரி நாம் கட்டுகிறோம், முடிவு டெல்லிக்கு. இந்த இரண்டையும் ஒரே ஊரில் கொண்டுவந்து சேர்க்கும் வரைக்கும் போர்டில் என்ன பெயர் எழுதினாலும் அது நம்ம ரயில் ஆகாது.